மூலம்தான்னு விட்டுடாதீங்க... பெருங்குடல் புற்றுநோய்: அறிகுறி முதல் சிகிச்சை வரை முழு விளக்கம்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர், மின்கம்பம், மேம்பாலத் தூண்... எங்கே பார்த்தாலும் 'மூலம், பவுத்திரம்' விளம்பரம் ஒன்று ஒட்டியிருக்கும். அதனாலோ என்னவோ, மலத்தில் ரத்தம் வந்தால் டாக்டரிடம் போவதற்கு முன்பே நம்மில் பலர் முடிவு செய்துவிடுகிறோம். "மூலம்தான். உடம்பு சூடு. ரெண்டு நாள் இளநீர் குடிச்சா சரியாகிடும்."

பல நேரங்களில் அது மூலமாகவே இருக்கும். சரியாகியும் விடும். ஆனால், பெருங்குடல் புற்றுநோயும் இதே அறிகுறியோடு வரலாம் என்பதுதான் சிக்கல். வீட்டில் சொல்ல வெட்கம், டாக்டரிடம் காட்ட அதைவிட வெட்கம். இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போடும்போது, ஆரம்பத்தில் எளிதாகக் குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய் அடுத்தடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது.

'பிளாக் பாந்தர்' பட நாயகன் சாட்விக் போஸ்மேனுக்கு 2016ஆம் ஆண்டில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போதே நோய் 3ஆம் நிலையில் இருந்தது. 2020 ஆகஸ்ட் மாதம் அவர் இறந்தபோது வயது 43தான். கால்பந்து ஜாம்பவான் பீலே 2022 டிசம்பரில் மறைந்ததற்கும் இதே நோய்தான் காரணம்.

இது என்ன நோய்? யாருக்கு வரும்? சிகிச்சை எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெருங்குடல் புற்றுநோய் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் உணவு இரைப்பை, சிறுகுடல் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம் பெருங்குடல். கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் நீளம். வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் தொடங்கி, மேலே ஏறி, குறுக்காகப் போய், இடது பக்கமாக இறங்கி மலக்குடலில் முடியும். மிச்சமிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, கழிவை மலமாக மாற்றுவதுதான் இதன் முக்கிய வேலை.

இந்தக் குடலின் உள்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னதாகச் சதை வளரும். இதற்கு 'பாலிப்' என்று பெயர். பெரும்பாலான பாலிப்கள் ஒன்றும் செய்யாது. சில மட்டும் மெதுவாகப் பெரிதாகி, அவற்றின் செல்கள் மாறி, புற்றுநோயாக ஆகின்றன. ஒரு சிறிய பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகள் அளவுக்கு ஆகும்.

இந்த 10 ஆண்டுகள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குள் பாலிப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால், அதிலிருந்து புற்றுநோய் வராமலேயே தடுத்துவிடலாம். எல்லாப் புற்றுநோய்களிலும் இந்த வசதி கிடையாது.

2022ஆம் ஆண்டு மட்டும் உலகம் முழுவதும் 19 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். புற்றுநோய் மரணங்களில் நுரையீரலுக்கு அடுத்து இரண்டாவது இடம் இதற்குத்தான். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் பாதிப்பு விகிதம் குறைவு. ஆனால் இங்கே பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

என்னென்ன அறிகுறிகள்?

கட்டி குடலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

இடது பக்கம்: இங்கே குடல் கொஞ்சம் குறுகலாக இருக்கும், மலமும் கெட்டியாகியிருக்கும். அதனால் கட்டி வளர்ந்தால் பாதை அடைபடும். வழக்கமாகக் காலையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென மலச்சிக்கல், அடுத்த வாரம் பேதி என்று மாறி மாறி வரலாம். மலம் மெல்லிசாகப் போகலாம். ரத்தம் கண்ணுக்குத் தெரியும்படி வரலாம்.

வலது பக்கம்: இங்கே குடல் அகலமானது, கழிவும் தண்ணீராக இருக்கும். கட்டி பெரிதாக வளர்ந்தாலும் அடைப்பு சீக்கிரம் வராது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் ரத்தம் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. ரத்தசோகை, களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது ஆகியவைதான் வெளியே தெரியும்.

ஒரு ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். "ஹீமோகுளோபின் கம்மியா இருக்கு, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று அதோடு விட்டுவிடக் கூடாது.

மலக்குடல்: போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, அடிக்கடி முக்க வேண்டியிருப்பது, சளி மாதிரி போவது.

இவை தவிர, காரணமில்லாமல் உடல் எடை குறைவது, தொடர்ந்து வயிற்றுவலி, வயிற்றில் கட்டி போலத் தட்டுப்படுவது ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் சுத்தமாகப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். கசாயம் வைத்துப் பார்க்கும் நேரம் அது இல்லை. உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூலமா, புற்றுநோயா... எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்தபடி தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நேர்மையான பதில்.

மூலத்தில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாக வருவது வழக்கம். புற்றுநோயில் மலத்தோடு கலந்து, சற்றுக் கருஞ்சிவப்பாக வரலாம். ஆனால் மலக்குடலில் இருக்கும் கட்டியிலிருந்தும் பளிச்சென்ற ரத்தம் வரும். இன்னொரு விஷயம், ஒருவருக்கு மூலமும் புற்றுநோயும் சேர்ந்தே இருக்கலாம். "எனக்குப் பத்து வருஷமா மூலம் இருக்கு, அதான்" என்று பழைய நோயின் மேல் பழியைப் போடும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

துத்திக்கீரை, கருணைக்கிழங்கு சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் மாதக்கணக்கில் அதை மட்டுமே நம்பி இருப்பதுதான் ஆபத்து.

பயப்பட வேண்டாத சந்தர்ப்பங்களும் உண்டு. முந்தைய நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தால் மலம் சிவப்பாகப் போகலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கறுப்பாகப் போகும். இந்த இரண்டும் இல்லாமல் நிறம் மாறினால், அல்லது மலம் கழிக்கும் பழக்கத்தில் வந்த மாற்றம் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், டாக்டரைப் பாருங்கள்.

டாக்டர் முதலில் செய்வது கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கும் பரிசோதனை. ஒரு நிமிடம்கூட ஆகாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டிகளில் பலவற்றை இதிலேயே கண்டுபிடித்துவிட முடியும். இதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. டாக்டருக்கு இது அன்றாட வேலை.

யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?

வயது 45, 50ஐத் தாண்டும்போது வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இளைஞர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 50 வயதுக்குட்பட்டவர்களிடம் பாதிப்பு தொடர்ந்து அதிகரித்ததால், எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் பரிசோதனை தொடங்க வேண்டிய வயதை 2021ஆம் ஆண்டில் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். இந்தியாவிலும் 40களிலேயே இந்த நோயோடு வருபவர்களை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

குடும்பத்தில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது வந்திருந்தால் கவனம் தேவை. 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பாக, எது முன்னதோ அப்போதே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். உதாரணமாக, அப்பாவுக்கு 46 வயதில் வந்திருந்தால் பிள்ளைகள் 36 வயதிலேயே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். 'லின்ச் சிண்ட்ரோம்' போன்ற பரம்பரை மரபணுக் குறைபாடு உள்ள குடும்பங்களில் இதைவிடவும் சீக்கிரமாக, 20களிலேயே தொடங்கச் சொல்வார்கள்.

நீண்ட நாள் குடல் அழற்சி நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே பாலிப் எடுக்கப்பட்டவர்கள், சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்கள், புகை, மது பழக்கம் உள்ளவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம்.

உணவில், சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் வைத்தது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பையே நிறுத்த வேண்டியதில்லை. சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. கோழியும் மீனும் இந்தக் கணக்கில் வராது. கீரை, காய்கறி, பயறு, சிறுதானியம் என நார்ச்சத்து அதிகமுள்ள உணவு பாதுகாப்பு தரும்.

எந்தப் பரிசோதனையில் தெரியும்?

மலப் பரிசோதனை: 'ஃபிட்' எனப்படும் இந்தச் சோதனை, கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் ரத்தம் இருந்தாலும் காட்டிவிடும். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். ரத்தம் இருப்பதாக வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்றுதான் அர்த்தம்.

கொலோனோஸ்கோபி: முனையில் கேமரா வைத்த, வளையக்கூடிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். சந்தேகப்படும்படி கட்டி இருந்தால் சிறு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

உண்மையில் கஷ்டம் பரிசோதனையில் இல்லை, முந்தைய நாளில்தான். குடல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் லேசான உணவு, பிறகு தண்ணீரில் கலந்த பேதி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாத்ரூமுக்கும் படுக்கைக்கும் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். மறுநாள் மயக்க ஊசி போட்டுவிடுவதால் பெரிதாக வலி தெரியாது. பரிசோதனை அரை மணி நேர வேலை. மயக்கம் முழுமையாகத் தெளிய நேரம் ஆகும் என்பதால் துணைக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. எல்லாம் நார்மல் என்று வந்தால், ஆபத்துக் காரணிகள் இல்லாதவர்களுக்கு அடுத்த கொலோனோஸ்கோபி 10 ஆண்டுகள் கழித்துத்தான்.

இந்தியாவில் அரசின் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள்தான் உள்ளன. பெருங்குடலுக்கு வீடு தேடி வந்து யாரும் பரிசோதிக்கப் போவதில்லை. நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

நான்கு நிலைகள் என்பது என்ன?

பயாப்சியில் புற்றுநோய் உறுதியானால், அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். மலக்குடல் என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் சேரும். 'சி.இ.ஏ.' என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு.

1ஆம் நிலை: கட்டி குடல் சுவரின் உள் அடுக்குகளுக்குள்ளேயே இருக்கிறது.
2ஆம் நிலை: சுவரின் தசை அடுக்கைத் தாண்டிவிட்டது, ஆனால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை.
3ஆம் நிலை: பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது.
4ஆம் நிலை: கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போய்விட்டது. குடலில் இருந்து போகும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும் என்பதால் அதிகம் பாதிக்கப்படுவதும் கல்லீரல்தான்.

அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பக்கத்துக் கணுக்களுக்குப் பரவியிருந்தால் அது 10க்கு 7 என்று ஆகிறது. வேறு உறுப்புகளுக்குப் போய்விட்டால் 10 பேரில் ஒருவர் அல்லது இருவர்தான். தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

என்ன சிகிச்சை?

அறுவை சிகிச்சை: பெருங்குடல் புற்றுநோய்க்கு முதன்மையான சிகிச்சை இதுதான். கட்டி இருக்கும் பகுதியையும், அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிட்டு, குடலின் இரண்டு முனைகளையும் இணைத்துவிடுவார்கள். இப்போது பலருக்கு லேப்ராஸ்கோபி முறையில் சிறு துளைகள் போட்டே இதைச் செய்கிறார்கள். எடுத்த கணுக்களில் குறைந்தது 12ஐயாவது ஆய்வகத்தில் சோதித்தால்தான் நிலையைச் சரியாகச் சொல்ல முடியும். ரிப்போர்ட் வந்ததும் இந்த எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

1ஆம் நிலையில் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனோடு சிகிச்சை முடிந்துவிடும். மருந்தே தேவைப்படாது.

கீமோதெரபி: 3ஆம் நிலையிலும், 2ஆம் நிலையில் ஆபத்து அதிகமுள்ள சிலருக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு 3 முதல் 6 மாதம் வரை கீமோ கொடுப்பார்கள். ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற மருந்து ஊசி வழியாகவும், கேப்சிடபின் மாத்திரையாகவும் தரப்படுவது பரவலான முறை. கீமோ என்றாலே முடி மொத்தமாகக் கொட்டிவிடும் என்ற பயம் உண்டு. இந்த மருந்துகளில் பெரும்பாலும் முடி கொஞ்சம் அடர்த்தி குறையும், அவ்வளவுதான். ஆனால் வேறு தொல்லைகள் இருக்கும். ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தொட்டாலோ குடித்தாலோ சுரீர் என்று குத்தும், கை கால் மரத்துப்போகும், உள்ளங்கை உள்ளங்கால் தோல் சிவந்து உரியும். கடுமையான பேதியோ காய்ச்சலோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சு: பெருங்குடலுக்கு இது அரிதாகவே தேவைப்படும். மலக்குடல் புற்றுநோய் சுவரைத் தாண்டியிருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள்.

இலக்கு மருந்துகளும் இம்யூனோதெரபியும்: 4ஆம் நிலையில் கட்டியின் மரபணுவைச் சோதித்து, அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மரபணுப் பிழைகளைச் சரிசெய்யும் திறனை இழந்த ஒரு வகைக் கட்டி சிலருக்கு இருக்கும். அவர்களுக்கு, உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. 2022ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இந்த வகை மலக்குடல் புற்றுநோய் இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்து மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்குமே கட்டி மறைந்துபோனது. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு' என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி இதுதான். ஆனால் மலக்குடல் கட்டிகளில் இந்த வகை குறைவு. எல்லோருக்கும் இது பொருந்தாது.

4ஆம் நிலை என்றாலே கைவிட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. கல்லீரலில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பரவியிருந்தால், அந்தப் பகுதியையும் ஆபரேஷனில் எடுத்துவிட முடியும். அப்படி முழுமையாகக் குணமானவர்களும் இருக்கிறார்கள்.

வயிற்றில் பை வைத்துவிடுவார்களா?

ஆபரேஷன் என்றதும் பலர் பயப்படுவது இதற்குத்தான். எல்லோருக்கும் பை தேவைப்படாது. பெருங்குடல் ஆபரேஷனில் பெரும்பாலானவர்களுக்கு நேரடியாகவே குடலை இணைத்துவிடுவார்கள். மலக்குடல் ஆபரேஷனில், இணைத்த இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் வயிற்றின் மேல் ஒரு துளை வழியாக மலம் பைக்குள் வரும்படி செய்வார்கள். பிறகு அதை மூடிவிடலாம். கட்டி ஆசனவாய்த் தசைக்கு மிக அருகில் இருந்தால்தான் நிரந்தரப் பை.

அப்படி வைத்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. வேட்டியோ, புடவையோ, பேன்ட்டோ, உடைக்குள் பை வெளியே தெரியாது. வேலைக்குப் போகலாம், பஸ்ஸில் பயணம் செய்யலாம், கல்யாண வீட்டில் சாப்பிடலாம். பையை மாற்றவும் சுத்தம் செய்யவும் மருத்துவமனையிலேயே கற்றுக்கொடுப்பார்கள்.

'கத்தி பட்டா பரவிடும்' என்பது உண்மையா?

இல்லை. பயாப்சி எடுத்ததாலோ ஆபரேஷன் செய்ததாலோதான் நோய் பரவுகிறது என்று நினைப்பது தவறு. ஏற்கெனவே முற்றிய நிலையில் ஆபரேஷன் செய்து, பிறகு நோய் திரும்பி வந்தவர்களைப் பார்த்துப் பிறந்த பேச்சு இது. இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடும்போதுதான் நோய் உண்மையிலேயே பரவுகிறது.

சிகிச்சை முடிந்த பிறகு?

நோய் திரும்பி வருமானால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில்தான் வரும். அதனால் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சந்திப்பும், குறிப்பிட்ட இடைவெளியில் சி.டி. ஸ்கேனும், ஓராண்டு முடிவில் கொலோனோஸ்கோபியும் செய்யச் சொல்வார்கள். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று இதைத் தவிர்க்கக் கூடாது.

2025ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்வில், கீமோ முடித்த 889 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். பயிற்சியாளர் உதவியோடு தொடர்ந்து உடற்பயிற்சி செய்த குழுவில் 5 ஆண்டுகள் கழித்து 80 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தனர். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்ற குழுவில் அது 74 சதவீதம். டாக்டர் அனுமதித்த பிறகு தினமும் வேகமாக நடப்பதுகூட நல்ல தொடக்கம்.

செலவுக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு ஆகியவை இதில் அடங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை, 1954ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் சிகிச்சை பெறலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்த அறிகுறிகளைப் பெரும்பாலும் வீட்டில் வயதானவர்கள்தான் மறைப்பார்கள். "இதையெல்லாம் போய்ப் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்ற தயக்கம் அவர்களுக்கு. அப்பா கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அம்மா அடிக்கடி பாத்ரூம் போகிறார் என்று தெரிந்தால் அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். "மோஷன் ஒழுங்கா போகுதா? ரத்தம் ஏதும் வருதா?" கேட்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

பொறுப்புத் துறப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற பரிசோதனை, சிகிச்சை குறித்து மருத்துவரிடம் ஆலோசித்து முடிவெடுங்கள்.